வெட்டு விலகினால் ஆஃப்செட்டைக் கடைசியாகத் தொடுங்கள்: பிரிண்ட் வினைலும் ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்கும்

பிரிண்ட் போட்ட வினைலை (ஸ்டிக்கர் ஷீட்டை) ஓரம் வெட்டும் மெஷினான கட்டரில் ஏற்றுகிறோம். மூலைகளில் அச்சிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்கை அதன் சென்சார் படித்துத்தான் படம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். ஆனாலும் கத்தி படத்தின் ஓரத்தை விட்டு ஒரு மி.மீ. தள்ளி ஓடுகிறது. உடனே கை போவது மெனுவில் உள்ள ஆஃப்செட் எண்ணுக்குத்தான், அதாவது வெட்டை மொத்தமாக நகர்த்தும் அளவுக்குத்தான். அதை மாற்றி அன்றைய ஆர்டரை ஒப்பேற்றிவிடலாம். மறுநாள் வேறு ரோல் ஏற்றினால் வெட்டு எதிர்ப்பக்கம் விலகும். அதற்குள் பழைய எண் என்னவென்றே மறந்திருக்கும். விலகல் எந்தப் பக்கம், எவ்வளவு, தாள் முழுக்க ஒரே அளவா என்று பார்த்தபிறகுதான் எதையும் மாற்ற வேண்டும்.

முதலில் ஸ்டீல் ஸ்கேல்

மும்பையின் தாராவி, சயான் பக்கம் பல சின்ன ஸ்டிக்கர் கடைகளில் கட்டர் மட்டும்தான் சொந்தம். டிசைன் கோரல் சாஃப்ட்வேரில் செய்து, பிரிண்ட்டை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து வாங்குவார்கள். பாதிக் கோளாறு அந்தப் போக்குவரத்திலேயே நுழைந்துவிடும். பிரிண்ட் கைக்கு வந்ததும் மார்க்குக்கு மார்க் உள்ள தூரத்தை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். டிசைனில் 500 மி.மீ. இருப்பது தாளில் 498.5 வந்தால் 0.3 சதவீதம் சுருங்கியிருக்கிறது என்று பொருள். சூட்டில் இழுபட்ட வினைல் ஆறியதும் இந்த மாதிரி சுருங்கும். லேமினேஷன் ஃபிலிமை இறுக்கி இழுத்து ஒட்டினாலும் இதேதான். 485, 470 என்று வந்தால் அது சுருக்கமில்லை, அங்கே யாரோ தாளுக்குள் அடங்கச் சுருக்கும் 'ஃபிட் டு பேஜ்' போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம், திரும்ப அடித்து வாங்குங்கள்.

சின்னச் சுருக்கத்தை மெஷினே சரிக்கட்டும். ஆனால் எத்தனை மார்க் படிக்கச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. இரண்டு மார்க் என்றால் இடமும் சாய்வும் ஒரு திசை நீளமும் மட்டும் பிடிபடும். மூன்று என்றால் மறு திசை நீளமும் சேரும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமில்லாமல் தாள் கோணியிருப்பது நான்கு மார்க் இருந்தால்தான் தெரியும். நேரம் மிச்சமென்று இரண்டோடு நிறுத்துவது வீண் சிக்கனம். வேலை ஒரு மீட்டருக்கு மேல் நீண்டால் நடுவிலும் 400 மி.மீ.க்கு ஒரு மார்க் வையுங்கள். மெஷினுக்கு அந்த வசதி இல்லையென்றால் வேலையையே துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மார்க் செட் போடுங்கள்.

மார்க்கையே எடுக்கவில்லை என்றால்

சென்சார் பெரும்பாலும் ஒரு சிவப்பு எல்இடியும் திரும்பி வரும் ஒளியை அளக்கும் கண்ணும்தான். வெள்ளையில் ஒளி திரும்பும், கறுப்பில் திரும்பாது. இந்த வித்தியாசத்தைக் குறைப்பது எதுவோ அதுதான் கோளாறு.

மார்க் கறுப்பு கே 100 ஆக, அதாவது வேறு மை கலக்காத முழுக் கறுப்பாக மட்டும் இருக்க வேண்டும். கோரலில் கே 100 கொடுத்துவிட்டு ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்தால் அது நான்கு மையும் கலந்த கறுப்பாக மாறிவிடும். பிரிண்டரின் ஹெட் அலைன்மென்ட் கொஞ்சம் தப்பினாலும் கறுப்புக்கு நீல, ரோஸ் நிழல் கட்டும். சிவப்பு ஒளிக்கு மெஜென்டாவும் மஞ்சளும் ஏறக்குறைய வெள்ளை, சியான் கறுப்பு மாதிரி. ஆக, சியான் எந்தப் பக்கம் வழிந்ததோ அந்தப் பக்கம் மார்க் தடித்ததாக மெஷின் நினைக்கும். வெட்டும் அந்தப் பக்கமே நகரும். மார்க் இருக்கும் ஃபைலை சிஎம்ஒய்கே (நான்கு மை நிறமுறை) பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.

கோட்டின் தடிமன், மார்க்கின் நீளம், எந்த வகை மார்க் என்ற மூன்றும் சாஃப்ட்வேரிலும் மெஷின் மெனுவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டர் கம்பெனிக்கும் ஒரு மார்க்: ரோலண்டின் வட்டத்தை கிராஃப்டெக் தேடாது. சம்மா தேடுவது சின்னச் சதுரத்தை. அந்தச் சதுர மார்க்கைச் சுற்றி குறைந்தது அதன் அளவுக்கு மூன்று நான்கு மடங்கு வெற்றிடம் விடுங்கள். தாளைத் திருப்பி ஏற்றியதால் மார்க் கிடைக்காமல் போவதும் நடக்கும்; முதல் மார்க் எந்த மூலையில் என்று விளிம்பில் பேனாவால் ஒரு குறி போட்டுவைத்தால் போதும்.

பளபளப்பான கிளாஸ் லேமினேஷன் தனிப் பிரச்சினை. கறுப்பின்மேல் படும் ஒளியையும் அது கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். மார்க்கின்மேல் மட்டும் மேட் டேப், அதாவது ஒட்டினால் மங்கலாகத் தெரியும் அந்த டேப், காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிரான்ஸ்பரன்ட் வினைலில் வெள்ளை மை அடிக்க முடிந்தால் மார்க்குக்கு அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி போடச் சொல்லுங்கள். மெட்டாலிக்குக்கும் அதே வழிதான். மீடியா, அதாவது ஏற்றும் ஷீட் வகை, மாற்றினால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பதியும் சென்சார் லெவலையும் அந்த மீடியாவிலேயே திரும்ப எடுங்கள்.

வாசலிலிருந்து வெயில் நேராக மெஷின்மேல் விழுகிறதா என்றும் பாருங்கள். காலையில் ஓடிய வேலை நான்கு மணிக்கு மட்டும் மறுத்தால் ஒரு அட்டையை வைத்து மறைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சென்சார் கண்ணை உலர்ந்த பட்ஸால் துடையுங்கள், தின்னர் வேண்டாம்.

எடுத்தது, ஆனால் வெட்டு விலகுகிறது

நான்கு மூலையிலும் நடுவிலும் 20 மி.மீ. வட்டம் ஒவ்வொன்று போட்டு ஒரு டெஸ்ட் ஷீட் அடியுங்கள். வெட்டி, ஐந்தையும் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள்.

ஐந்தும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் மட்டும் அது சென்சார் ஆஃப்செட். 0.6 மி.மீ. வலப்பக்கம் என்றால் எண்ணில் 0.5 மாற்றிப் பாருங்கள். கூட்டலா கழித்தலா என்பது மெஷினுக்கு மெஷின் வேறு, விலகல் 1.1 ஆனால் எதிர்க்குறி போடுங்கள். பழைய எண்ணை மெஷின்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் மார்க் பக்கம் சரியாக இருந்து, தூரம் போகப் போக விலகல் ஏறினால் அது நீளக் கணக்கு. மேலே சொன்ன மார்க் எண்ணிக்கையைப் பாருங்கள். மார்க் வைத்தபிறகு டிசைனை மட்டும் யாராவது பெரிதாக்கினார்களா என்றும் கேளுங்கள்.

ஐந்தும் ஐந்து விதம், அதே ஃபைலைத் திரும்ப ஓட்டினால் வேறு விதம் என்றால் மீடியா நழுவுகிறது. மீடியாவை மேலிருந்து அழுத்தும் பின்ச் ரோலர் ஒவ்வொன்றும், அதை நகர்த்தும் உருளையின் சொரசொரப்பான பகுதியான கிரிட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறதா, கிரிட்டில் பசையும் வினைல் தூளும் அடைந்திருக்கிறதா பாருங்கள். நைலான் பிரஷ் போதும். ரோலிலிருந்து வேலையின் நீளத்துக்கும் கூடுதலாக வினைலைத் தளர விடுங்கள். கட்டர் ரோலையே சுழற்றி இழுக்கும்படி வைத்தால் நழுவத்தான் செய்யும். வெட்டும் முன் ஒரு முறை முழு நீளமும் முன்னும் பின்னும் ஓடவிட்டால் ரோலர் தடம் பதியும். லேமினேட் செய்தது கனம், வேகத்தைப் பாதியாக்குங்கள். கத்தி வினைலுக்கு அடியில் உள்ள ரிலீஸ் பேப்பரையும் சேர்த்துக் கிழிக்கும் ஆழத்தில் இருந்தால் அதுவே மீடியாவைப் பிடித்து இழுக்கும்.

வட்டம் ஆரம்பித்த இடத்தில் வந்து மூடவில்லை, மூலைகள் உருண்டிருக்கின்றன என்றால் மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது பிளேடு ஆஃப்செட், அதாவது கத்தி முனைக்கும் அது சுழலும் அச்சுக்கும் உள்ள தூரம்; பல கத்திகளில் 0.25 மி.மீ. அருகில் இருக்கும். அல்லது கத்தி ஹோல்டருக்குள் சுழலாமல் தூசியில் சிக்கியிருக்கும்.

மழைக்காலம்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ரிலீஸ் பேப்பர் ஈரத்தைக் குடித்து விரியும், மேலே இருக்கும் வினைல் விரியாது. ஓரம் அலை அலையாக எழும்பும். மார்க் இருப்பதோ அந்த ஓரத்தில்தான். தூக்கி நிற்கும் மார்க்கை சென்சார் தப்பாகப் படிக்கும். கணபதி ஆர்டர்கள் குவிவதும் இந்த மாதங்களில்தான் என்பது கூடுதல் தொந்தரவு. ரோலைப் பிளாஸ்டிக் உறையில் நிமிர்த்தி வையுங்கள், அந்த ரோல்களில் மார்க்கை விளிம்பிலிருந்து 25 மி.மீ.யாவது உள்ளே தள்ளுங்கள்.

அவசரத்தில் மை காயும் நேரத்தைக் குறைக்காதீர்கள். சால்வென்ட் (கரைப்பான்) மையில் அடித்த பிரிண்ட் லேமினேஷனுக்கு முன் 24 மணி நேரம் தளர்ந்த சுருளாக நிற்க வேண்டும். சால்வென்ட் பசைக்குள் தங்கினால் வினைல் மென்மையாகி, வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 0.3 மி.மீ. அளவு விலகல் இருக்கத்தான் செய்யும். ஆகவே வெட்டுக்கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. ப்ளீட் கொடுங்கள், அதாவது படத்தின் நிறத்தை அவ்வளவு நீட்டி அடியுங்கள். சுற்றிலும் வெள்ளை பார்டர் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால் 1 மி.மீ. பார்டருக்குச் சம்மதிக்காதீர்கள். அதில் 0.3 விலகினாலே ஒரு பக்கம் 0.7, மறுபக்கம் 1.3 என்று கோணலாகத் தெரியும், 3 மி.மீ. பார்டரில் அதே விலகலை யாரும் கவனிக்க மாட்டார்கள்.