பழைய மெனுவல் ஸூம் லென்ஸ இப்பத்த கெமராவில போட்டு அடிக்கிறது எப்பிடி?

மாமாட அலுமாரிக்குள்ள கிடந்த நிக்கோர் 80-200 எஃப் 4.5 லென்ஸ எண்ட சோனி கெமராவில போட்டு ரெண்டு வருஷமா மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் படம் எடுத்துத் திரியிறன், ஓட்டோ ஃபோகஸ் இல்லாம பறக்கிற கொக்க எப்பிடிப் புடிக்கிற எண்டு கேக்கிற ஆக்கள் கூட, அதால தெரிஞ்சதெல்லாம் இஞ்ச எழுதுறன்.

லென்ஸ் கிடைச்சா முதல்ல எப்பச்சர் வளையத்த (வெளிச்சம் போற ஓட்டையப் பெருசாக்கிச் சின்னதாக்கிறது) 4.5ல வச்சிட்டு பின்பக்கத்தால ஃபோன் டோர்ச்ச அடிச்சு முன்பக்கத்தால சரிச்சுச் சரிச்சுப் பாருங்க. சிலந்தி வல மாதிரி நூல் நூலாத் தெரிஞ்சா அது பூஞ்சணம், நம்மட கடக்கரக் காத்துக்கும் மாரி ஈரத்துக்கும் அது கெதியாப் புடிக்கும். ஓரத்தில ஒள்ளுப்பம் இருந்தா படத்தில தெரியாது, நடுவில படர்ந்திருந்தா வாங்காதீங்க. எப்பச்சர் இதழ்ல எண்ணெய் மினுங்குதா எண்டும் பாருங்க.

லென்ஸுக்கும் கெமராவுக்கும் இடையில மாட்டுற அடப்டர் ஏன் தேவ எண்டா, நிக்கோன் எஃப் லென்ஸ் சென்சர்ல இருந்து 46.5 மி.மீ தூரத்தில நிக்க வேணும், சோனிட லென்ஸ் பூட்டுற வாய்க்கு (ஈ மவுண்டுக்கு) அது 18 மி.மீதான், மிச்சம் 28.5 மி.மீய அந்த வெறும் குழாய் நிரப்புது, உள்ளுக்க கண்ணாடி ஒண்டும் தேவல்ல. மறுகா கெமரா மெனுவுக்குள்ள போய் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கிறதுக்கு விடுற செட்டிங்க ஓன் பண்ணுங்க, இல்லாட்டி பட்டன அமத்த அமத்த ஒண்டும் நடக்காது. ஃபோகஸ் பீக்கிங்க (ஃபோகஸ் ஆன இடத்தின்ட ஓரத்த நிறத்தில காட்டுறது) சிவப்பில வைங்க, பெருப்பிச்சுப் பாக்கிறத்துக்கு ஒரு பட்டன ஒதுக்குங்க. கெமரா பொடிக்குள்ள ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தச் சமாளிக்கிறது) இருந்தா எத்தன மி.மீ எண்டு நாமதான் சொல்லிக் குடுக்கோணும், ஸூம் மாறிக்கிட்டே இருக்கிறதால நான் கொறஞ்ச பக்கமா 100 எண்டு வச்சிருக்கன், கூட்டி வச்சா அது தேவைக்கு மேல ஆட்டி படத்தக் கெடுத்துப் போடும்.

இனித்தான் முக்கியமான விஷயம். அந்தக் காலத்து ஸூம் லென்ஸ் கனக்க, ஒருக்கா ஃபோகஸ் பண்ணினா ஸூம மாத்தினாலும் ஃபோகஸ் அசையாத மாதிரிக் கட்டினது. அதால எப்பவும் முதல்ல 200க்குப் போங்க, அங்க பெருப்பிச்சு ஃபோகஸ் பண்ணுங்க, மறுகா வேணுமான அளவுக்கு வாங்க. 80ல வச்சு ஃபோகஸ் பண்ணினா எல்லாம் கூர்மையாத் தெரியிற மாதிரி இருக்கும், 200க்குப் போனாத்தான் பிழ தெரியும். எனக்கு முதல் மூண்டு மாசமும் 200ல பண்ணியும் 80க்கு வந்தா மங்கலாத்தான் வந்திச்சு, லென்ஸ்தான் பழுது எண்டு நினைச்சு மனசு விட்டுப் போச்சு. கடைசியில பாத்தா மலிவா வாங்கின அடப்டர் ஒரு மயிரளவு மெலிசு! பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு 200ல ஃபோகஸ் பண்ணிட்டு 80க்கு வந்து பெருப்பிச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சன், சோடா டின்ன வெட்டி மெல்லிய வளையம் ஒண்டு செஞ்சு அடப்டருக்குள்ள வச்சன், சரியாப் போச்சு. நீங்களும் முதல் நாளே இத சோதிச்சுப் பாருங்க.

காலையில கல்லடிப் பாலத்தில நிண்டா கல்லடிப் பக்கமா நிண்டு மேற்கப் பாத்து எடுங்க, வெயில் முதுகுக்குப் பின்னால இருக்கும், பழைய லென்ஸ்ட கோட்டிங் நேர் வெயிலத் தாங்காது, படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி வெளிறிப் போகும். ரப்பர் ஹூட் ஒண்டு போட்டா இன்னும் நல்லம். வீச்சு வலைக்காரர் தோணிட நுனியில எழும்பி நிக்கக்குள்ளயே, அவர்ட கையில தொங்குற வலைட ஈயக்குண்டுக்கு ஃபோகஸ் பண்ணி வைங்க. தண்ணி மினுங்குற இடமெல்லாம் பீக்கிங் சிவப்பாப் பத்தும், அத நம்பாம குண்டு ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியுதா எண்டு பெருப்பிச்சுப் பாருங்க. எப்பச்சர 4.5ல இருந்து ரெண்டு க்ளிக் தள்ளினா 8, அதிலதான் ஓரம் வரைக்கும் கூர்மை, வலை எறியிற நேரம் கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்குப் போனாலும் தாங்கும். ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ ஓட்டோ. அசையாத சாமானுக்கு 1/320 போதும், ஏனெண்டா சின்ன சென்சர்ல 200 எண்டது 300 மாதிரி, ஷட்டர் எண் அதுக்குக் கொறையாம இருந்தா கை ஆட்டம் தெரியாது. ஸூம கொஞ்சம் பின்னுக்கு எடுத்து வச்சிட்டு காத்திருங்க, வலை வட்டமா விரியக்குள்ள அது ஃப்ரேமுக்கு வெளிய போய்ட்டா அவ்வளவு நேரம் நிண்டதும் வீண்.

லென்ஸ கீழ சரிக்கக்குள்ள ஸூம் வளையம் தானா வழுக்கி ஓடினா பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்ட வெட்டி இறுக்கி மாட்டுங்க.

வீட்டுக்கு வந்தா ஒள்ளுப்பம் ஈரத்துணியால வெளிப்பக்க உப்பத் துடைச்சு, காய விட்டு, காத்துப் போகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல்லோட வைங்க. நீலக் குறுணி ரோஸாப் போனா சட்டியில மெல்லிய சூட்டில காயப்போட்டா திரும்ப நீலமாகும். மாரி நாள்ல நான் கிழமைக்கு ஒருக்கா காயப்போடுறன்.