கோல்ஃப் பேரு பத்தி ஃபார்வர்ட் வந்தா எப்படி செக் பண்றது

"ஜென்டில்மேன் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்", இதோட முதல் எழுத்துங்கதான் கோல்ஃப்னு ஒரு கதை வாட்ஸ்அப்ல சுத்திட்டே இருக்கும், அடுத்த தடவை வந்தா டக்குனு ஷேர் பண்ணாதீங்க.

முதல்ல அந்த வார்த்தை எழுத்துல எப்போ வந்துச்சுன்னு தேடுங்க. 1457லயே ஸ்காட்லாந்து பார்லிமென்ட் ஃபுட்பாலையும் கோல்ஃபையும் தடை பண்ணிருக்கு, ஏன்னா பசங்க வில்வித்தை பழகாம இதையே ஆடிட்டு இருந்தாங்களாம் (எந்தக் காலத்துலயும் இதே புலம்பல்தான் போல). முதல் எழுத்தைச் சேர்த்து பேரு வைக்கிற பழக்கம் பெருசா பரவுனதே 20ம் நூற்றாண்டுலதான், அப்புறம் எப்படி?

அடுத்து ஸ்பெல்லிங் பாருங்க. பழைய ரெக்கார்ட்ல கௌஃப், காஃப்னு ஆளுக்கொரு மாதிரி எழுதிருக்காங்க, நாலு வார்த்தையோட சுருக்கமா இருந்தா எழுத்து இப்படி இஷ்டத்துக்கு மாறுமா சொல்லுங்க. பக்கத்து மொழியையும் ஒரு எட்டு பாத்துடுங்க, டச்சுல 'கோல்ஃப்' (kolf)னா அடிக்கிற கட்டை, அதுல இருந்து வந்திருக்கலாம்னு நிறைய பேர் சொல்றாங்க.

கதை ஏன் நம்புற மாதிரி இருக்குன்னும் யோசிங்க. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ங்கிற ஊர்ல இருக்குற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கிளப் பெண்களை மெம்பரா சேக்க ஓட்டு போட்டதே 2014லதான், அதனால பொய்யும் பொருத்தமா தெரியுது. ஆனா அதே ஊர்ல 1867லயே பெண்களுக்குன்னு தனி கிளப் ஆரம்பிச்சாச்சு, ஃபார்வர்ட் அனுப்புன மாமாவுக்கு இதை ரிப்ளையா போடுங்க.