மேட்லேபிலிருந்து பைத்தானுக்கு: எண் கணக்கு நிரல்களை மாற்றும் முறை

மேட்லேப் (MATLAB) என்னும் கணிப்பு மொழியில் எழுதிய தரவுக் கணக்கு நிரலைப் பைத்தான் (Python) மொழிக்கு மாற்ற முனைபவர், புதிதாக ஒரு வரி எழுதும் முன்பே பழைய நிரலை ஒருமுறை ஓட்டி, இறுதி விடையோடு இடைக் கட்டங்களில் கிடைக்கும் அணிகளையும் கோப்புகளாகச் சேமித்துவிட வேண்டும். பாதியில் நின்றுபோகும் நிரல் தன் பிழையைத் தானே சொல்லிவிடும். தடங்கலின்றி ஓடித் தவறான எண்ணைத் தரும் நிரலைப் பிடிக்க இந்தக் கோப்புகளே துணை. சமவாய்ப்பு எண்கள் பயன்பட்டிருந்தால் அவற்றையும் சேமித்துப் புதிய நிரலுக்கு உள்ளீடாகக் கொடுங்கள்.

அணியின் வரிசை எண் மேட்லேபில் 1இலும் பைத்தானில் 0இலும் தொடங்குவது எல்லோரும் அறிந்ததே. அதைவிட நுட்பமான வேறுபாடுகளே என்னைப் பலமுறை அலைக்கழித்தன. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 ஆகிய எட்டு எண்களின் திட்ட விலக்கத்தை மேட்லேப் 2.138 என்றும், பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பை (NumPy) 2 என்றும் தரும். முன்னது 7ஆலும் பின்னது 8ஆலும் வகுப்பதே காரணம்; நம்பையில், வகுக்கும் எண்ணில் எவ்வளவு குறைப்பது என்று சொல்லும் 'டிடிஓஎஃப்' (ddof) மதிப்பை 1 எனக் கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

1 முதல் 6 வரையிலான எண்களை 2 நிரை (கிடை வரிசை), 3 நிரல் (செங்குத்து வரிசை) கொண்ட அணியாக மடக்கினால், மேட்லேபில் முதல் நிரை 1, 3, 5 என்றும் நம்பையில் 1, 2, 3 என்றும் அமையும். அளவு ஒன்றாகவே இருப்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. பெருக்கல் குறியும் அப்படித்தான்: மேட்லேபில் * அணிப் பெருக்கம், நம்பையில் உறுப்புக்கு உறுப்பு, அணிப் பெருக்கத்துக்கு அங்கே @ வேண்டும். சதுர அணிகளில் இந்தத் தவறு சத்தமின்றிக் கடந்துவிடும்.

நம்பையில் அணியின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து அதில் மாற்றம் செய்தால் மூல அணியும் மாறிவிடும், மேட்லேபில் மாறாது. ஐயம் இருக்கும் இடங்களிலெல்லாம் வெளிப்படையாக நகல் எடுத்துவிடுவது என் வழக்கம்.

மாற்றும்போதே நிரலை அழகுபடுத்த வேண்டாம். சுழல்களை அப்படியே எழுதி, ஒவ்வொரு செயற்கூறாகச் சேமித்த எண்களோடு ஒப்பிட்டு, பொருந்திய பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். தசம எண்களின் கடைசி இலக்கங்கள் வேறுபடக்கூடும் என்பதால் சமக் குறியை விடுத்து நம்பையின் 'ஆல்குளோஸ்' (allclose) செயற்கூறால் ஒப்பிடுவது முறை. ஆனால் அதன் இயல்பான தனி விலக்க வரம்பு (எண்களின் அளவைப் பாராமல் அனுமதிக்கும் வேறுபாடு) 0.00000001 என்பதை மறக்கலாகாது. உங்கள் தரவே அதைவிடச் சிறிய எண்களாக இருந்தால் தவறான விடையும் தேறிவிடும். அந்த வரம்பை 0 ஆக்கி, சார்பு விலக்கத்தை (எண்ணின் அளவுக்கேற்ப அனுமதிக்கும் வேறுபாடு) மட்டும் வைத்துச் சோதியுங்கள்.