குடல் ஹார்மோனால் சர்ஃபாக்டன்ட் சுரக்கிறதா? செல்லில் அளந்து பார்க்கும் முறை

உணவு இறங்கியதும் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள எல் செல்கள் ஜிஎல்பி-1 ஹார்மோனை விடுகின்றன. இன்சுலினைத் தூண்டும் வேலைக்காக அறியப்பட்ட இந்த ஹார்மோன், நுரையீரல் நுண்ணறைகளின் இரண்டாம் வகை செல்களையும் எட்டுகிறது. அங்குள்ள ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறும், புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி விழித்துக்கொள்ளும், லாமெல்லர் பாடிகள் என்ற சேமிப்புப் பைகளில் உள்ள சர்ஃபாக்டன்ட் (நுண்ணறைகள் சுருங்கி மூடாமல் காக்கும் கொழுப்புக் கலவை) வெளியே கொட்டும். எலி செல்களில் இதை 1998-ல் காட்டினார்கள். விளைவு சிறியது. கவனக்குறைவான கை அதே அளவு விளைவைத் தானே உண்டாக்கிவிடும். அதனால்தான் இந்த அளவீட்டில் ஒழுங்கு இவ்வளவு முக்கியம்.

முதல் நாள். எலி நுரையீரலை ரத்தம் போக வெளுக்கும்வரை அலசி, மூச்சுக்குழாய் வழியாகவும் கழுவி மேக்ரோஃபேஜ்களை (நோயெதிர்ப்புச் செல்களை) எடுத்துவிடுங்கள். பிறகு திசுவைக் கரைக்கும் எலாஸ்டேஸ் நொதியை ஊற்றி 37 டிகிரியில் சுமார் 20 நிமிடம் செரிக்க விடுங்கள். சல்லடையில் வடித்து, ஐஜிஜி ஆன்டிபாடி பூசிய தட்டுகளில் ஒரு மணிநேரம் வையுங்கள். மிஞ்சிய மேக்ரோஃபேஜ்கள் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிதப்பவைதான் நமக்கு வேண்டியவை. புற்றுநோய்ச் செல்வரிசையான ஏ549-ஐ இதற்கு மாற்றாக நம்பாதீர்கள், அதில் இயல்பான லாமெல்லர் பாடிகள் குறைவு.

சர்ஃபாக்டன்ட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி பாஸ்ஃபாட்டிடைல்கோலின். அதன் ஒரு பகுதி கோலின். ஆகவே டிரிட்டியம் கோலின் (கதிரியக்க அடையாளமிட்ட கோலின்) கலந்த ஊடகத்தில் செல்களை 20 முதல் 22 மணிநேரம் வளருங்கள். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் இரண்டு மூன்று நாள் இருந்தால் இந்தச் செல்கள் தட்டையாகி, நுண்ணறைச் சுவரின் மெல்லிய முதல் வகைச் செல்களின் சாயலுக்கு மாறிவிடும்.

மறுநாள் கழுவும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். பிப்பெட்டை நேராகச் செல்கள்மேல் பீய்ச்சினால் அந்த அதிர்விலேயே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கசியும். ஏடிபி தானே வலுவான சுரப்புத் தூண்டி. அப்புறம் தட்டில் ஹார்மோன் தராத ஒப்பீட்டுக் குழியும் ஹார்மோன் குழியும் ஒரே அளவு காட்டும். குழியின் சுவரில் முனையைச் சாய்த்து மெதுவாக வழியவிடுங்கள். கழுவியபின் 30 நிமிடம் தட்டைத் தொடாதீர்கள்.

ஹார்மோனின் செயல்படும் வடிவமான ஜிஎல்பி-1 (7-36) அமைடைக் கரைக்கும்போது 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) சேருங்கள், இல்லையென்றால் பாதி பெப்டைடு குழாய்ச் சுவரிலேயே ஒட்டிவிடலாம். சிறு சிறு பங்குகளாக உறையவைத்து, ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்காமல் விடுங்கள். ஊடகத்தில் சீரம் கூடாது. சீரத்திலும் செல் மேற்பரப்பிலும் இருக்கும் டிபிபி-4 நொதி, பெப்டைடின் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடும். ரத்தத்தில் இதன் அரை ஆயுள் வெறும் 2 நிமிடம்! டிபிபி-4 தடுப்பானைச் சேர்ப்பது நல்லது.

1, 10, 100 நானோமோலார் என மூன்று அளவு வையுங்கள். கூடவே, சுரப்பைத் தூண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த மருந்தான டெர்பியூட்டலின் 10 மைக்ரோமோலாரில் ஒரு வரிசை: அதுவே சுரப்பைக் கூட்டவில்லை என்றால் செல்களில்தான் கோளாறு. இன்னொரு வரிசையில் ஜிஎல்பி-1 ஏற்பியின் தடுப்பானான எக்ஸென்டின் (9-39) முன்கூட்டியே கொடுத்து ஏற்பியை அடைத்துவிடுங்கள். ஏற்பியைக் காட்டுவதாக விற்கும் ஆன்டிபாடிகள் பல பிறவற்றிலும் ஒட்டும். இந்தத் தடுப்பில் கிடைக்கும் சாட்சியே மேல்.

ஒன்றரை முதல் 3 மணிநேரம் கழித்து ஊடகத்தை எடுத்து, உதிர்ந்த செல்கள் படியச் சுழற்றுங்கள். ஊடகத்தில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், கதிரியக்கமற்ற பாஸ்ஃபாட்டிடைல்கோலின் கொஞ்சம் சேர்த்தபிறகே குளோரோஃபார்ம்–மெத்தனாலில் பிரியுங்கள். செல்களையும் அப்படியே பிரித்து, இரண்டிலும் கதிரியக்கத்தை எண்ணுங்கள். ஊடகத்தில் 1,200, செல்லில் 78,800 என்று வந்தால், மொத்தம் 80,000, சுரப்பு 1.5 சதவீதம்.

செல் உடைந்தால் வெளியேறும் எல்டிஹெச் நொதியின் கசிவையும் ஒவ்வொரு குழியிலும் பாருங்கள். ஹார்மோன் குழிகளில் மட்டும் அது கூடியிருந்தால் உங்கள் முன் இருப்பது சுரப்பு அல்ல, செல் உடைவு. ஒரே எலியின் ஆறு குழிகளை ஆறு முடிவுகளாக எண்ணாதீர்கள், அது ஒன்றுதான்.