உலக முடிவுக்கு ஒன்பது மணிக்கு முன்

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு நான் முதன்முதல் போனபோது, உலக முடிவு என்ற காட்சியிடத்தில் பார்த்தது வெள்ளைச் சுவர் போல நின்ற பனிமூட்டத்தை மட்டும்தான். அப்போது காலை பத்தேகால் மணி. வவுனியாவிலிருந்து வந்த சித்தி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு, நுவரெலியாவில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தோம். கீழே 850 மீட்டருக்கு மேல் செங்குத்தான பள்ளம் இருக்கிறது என்று சொன்னேன். சித்தி நம்பவே இல்லை. அதற்குப் பிறகு ஏழு தடவை போய்விட்டேன். அங்கே படம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது நேரத்தைப் பற்றித்தான், கெமராவெல்லாம் அப்புறம்.

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் அதிகமாகத் தெளிந்திருக்கும். நுவரெலியாவில் தங்கினால் விடிய நாலரைக்கே வேன் புறப்பட வேண்டும். பட்டிப்பொல வழியாக ஏறி, ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நில்லுங்கள். பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள். அதனால் ரொட்டியை முதலிலேயே டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் நிற்கிறீர்கள், குளிரில் கெமரா பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். மாற்றுப் பற்றரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது.

நடை தொடங்குவது பார்வையாளர் நிலையமான ஃபார் இன் கட்டடத்தடியில். வட்டப் பாதை மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் அளவு. கொஞ்ச தூரத்தில் பாதை பிரியும். சின்ன உலக முடிவுப் பக்கமாகவே போங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு முதலில் போகிறவர்கள் பெரிய பள்ளத்துக்கு வரும்போது மூட்டம் முந்திவிடும். ஜனவரி விடியலில் புல் நுனியெல்லாம் உறைந்து வெள்ளையாக மின்னும். அதைக் குனிந்து ஒரு படம் எடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சின்ன உலக முடிவின் பள்ளம் சுமார் 270 மீட்டர். இங்கே பத்து நிமிடம் போதும். உண்மையான வேலை இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

உலக முடிவு தெற்கே பார்த்த பாறை விளிம்பு. காலைச் சூரியன் இடது கைப்பக்கமாக எழும்பி வரும். எட்டு மணிக்கு முன்னால் அந்தச் சாய்ந்த வெயிலில் மலைத்தொடர்கள் ஒன்றின் பின் ஒன்றாக நீலம் வெளிறிக்கொண்டே போவதைக் காணலாம். எல்லாரும் அகல லென்ஸைத்தான் போடுகிறார்கள். அதில் பள்ளத்தின் ஆழம் தட்டையாகிவிடும் என்பது என் அனுபவம். 70 மில்லிமீட்டருக்கு மேல் போட்டு அடுக்குகளை இறுக்கி எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தை வானத்துக்கு அளந்து, இன்னும் கொஞ்சம் குறையுங்கள். அகலப் படம் வேண்டுமென்றால் விளிம்புப் பாறையில் ஒரு துண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆழம் அப்போதுதான் தெரியும். அதற்காக விளிம்பில் ஆள் நிற்க வேண்டியதில்லை. பாறை பனியில் நனைந்து வழுக்கும். முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கவே கூடாது. என் பிள்ளைகளுக்கும் இதைத்தான் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்படியே லென்ஸைக் கீழே இறக்குங்கள். அடிவாரத்தில் நொன்பரெயில் தேயிலைத் தோட்டம். தேயிலைப் பச்சையும் அதன் நடுவே வளைந்து போகும் பாதைகளும் தெரியும். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். மேலே நின்று அழகு பார்க்கும்போது அந்தக் கொழுந்து மலையில் கூடை சுமப்பவர்களின் நினைவு வராமல் இருக்காது. எனக்கு மிகப் பிடித்த படம் அங்கே எடுத்ததுதான்: வெயில் ஏறாத அடிவாரமும் அதில் நூல் போல எழும்பிய ஒற்றைப் புகையும்.

ஒன்பதரைக்கு மூட்டம் ஏறத் தொடங்கும். கவலைப்படாதீர்கள், மிச்சமுள்ள இடங்களுக்கு அதுதான் நல்ல வெளிச்சம். பேக்கர் நீர்வீழ்ச்சி உயரம் 20 மீட்டர்தான், ஆனால் அகலமாக விரிந்து விழும். வெயிலில் எடுத்தால் நுரை வெளுத்துப்போகும். மூட்டத்தில் ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்து எடுத்தால் பாசியின் பச்சை முழுதாக வரும். முக்காலி இல்லாவிட்டால் கெமராவைக் கைப்பிடிக் கம்பியில் அழுத்திப் பிடியுங்கள். இறங்கும் பாதை செங்குத்து, சப்பாத்தின் அடி நல்ல பிடிப்புள்ளதாக இருக்க வேண்டும். லென்ஸ் துடைக்கப் பருத்தித் துணி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று நிச்சயம் நனைந்துவிடும்.

திரும்பும் வழியில் திறந்த புல்வெளி. பட்டுப்போன மரங்கள் பாசித் தாடியோடு மூட்டத்துக்குள் தனித்தனியாக நிற்கும். ஒரு மரத்தை மட்டும் வைத்து, சுற்றிலும் வெறுமையாக விடுங்கள். ஃபார் இன் பக்கம் மரைகள் (கடமான்கள்) ஆட்களுக்குப் பழகி, வாகனத்தடியிலேயே வந்து நிற்கும். பிஸ்கட் நீட்டிக் கூப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள், அந்தத் தீனி அவற்றுக்குக் கெடுதல். புல்லில் குந்தி, தலை தூக்கிப் பார்க்கும்வரை காத்திருங்கள்.