மார்கழிக் குளிரில் நரம்பு டெஸ்ட் எடுத்தால்

தளியில் விடிகாலை பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஓசூர் வந்து இறங்கிய ஒரு அம்மா. மார்கழி மாசம். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கையை உதறுகிறார் என்று டாக்டர் என்சிஎஸ் (நரம்பின் வேகத்தை அளக்கிற டெஸ்ட்) எழுதியிருந்தார். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறதா என்று ஷாக் வைத்துப் பார்க்கிற டெஸ்ட். நான் அப்போது இந்த டெஸ்ட் எடுக்கிற வேலைக்குப் புதுசு. வந்த சூட்டோடு எடுத்துவிட்டேன். சூடு எங்கே, கை ஐஸ் மாதிரி இருந்தது. மணிக்கட்டில் ஷாக் வைத்ததிலிருந்து கட்டைவிரல் தசை துள்ள ஆன நேரம் 4.7 மில்லிசெகண்ட் என்று வந்தது. நாலரைக்குள் இருக்க வேண்டிய கணக்கு. டாக்டர் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திரும்ப எடு" என்றார். இரண்டாவது தடவை 3.8.

குளிர்ந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் ஓடும். ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 0.2 மில்லிசெகண்ட் தாமதம். அதனால் கையின் தோல் 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். பெங்களூர்க் காற்று அடிக்கிற இந்த மேட்டுப் பக்கத்தில், டிசம்பர், ஜனவரியில் தெர்மாமீட்டர் வைக்காமல் எடுத்த ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. கணக்குப் போட்டுச் சரிசெய்வதைவிடக் கையைச் சுடவைப்பதே மேல்.

டேப் பிடித்துத் தூரம் அளப்பதிலும் இதே அளவு வம்பு உண்டு. மணிக்கட்டிலிருந்து விரலுக்கு 14 செ.மீ. என்று வைத்துக்கொண்டு 1 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அதுவும் 0.2 மில்லிசெகண்டைத் தின்றுவிடும்.

பெரிய தவறு, மீடியன் நரம்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது. சர்க்கரை நோயாளிக்கு எல்லா நரம்புமே மெதுவாக இருக்கலாம். அதை மணிக்கட்டுக் கோளாறு என்று எழுதினால் வீண் ஆபரேஷன். மோதிர விரலுக்கு மீடியன், சுண்டுவிரல் பக்கம் போகிற அல்னர் இரண்டு நரம்பும் வருகின்றன. ஒரே தூரத்தில் இரண்டையும் எடுத்தால் வித்தியாசம் 0.4, 0.5 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது. ஒரே விரல், ஒரே குளிர் என்பதால் குளிரின் குளறுபடியும் இதில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஷாக்கை அளவுக்கு மீறி ஏற்றினால் மட்டும் பக்கத்து நரம்பும் சேர்ந்து துள்ளி, ஒப்பீடே கெட்டுவிடும்.

வருகிறவர்களும் சிலதைக் கவனிக்கணும். முந்தின நாள் தைலமோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துக்கொண்டு வந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது. சர்க்கரை, தைராய்டு, பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டு நூல் எடுக்கிறீர்களா, மாங்கூழ் கம்பெனியில் சீசனுக்குப் பழம் வெட்டுகிறீர்களா, கைக்கு ஓயாத வேலை என்பதால் அதையும்தான்.

ரிப்போர்ட் நார்மல் என்றதும் "ஒன்றுமில்லை" என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆரம்ப நிலையில் டெஸ்டில் பிடிபடாமல் போவது உண்டு. மரத்துப்போவது தொடர்ந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள். சேலத்துக்கோ பெங்களூருக்கோ இரண்டாவது தடவை போகிறவர்கள், முடிவு எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாமல் டெஸ்டில் வந்த அலைகள் வரைந்த தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.