காரமான மக்ரோனி சீஸ்: எங்கே சொதப்புகிறோம்?

கும்பகோணம், மாயவரம் பக்கம் மக்ரோனி என்றால் பெரும்பாலும் சாயங்கால டிபன். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா எல்லாம் போட்டு உப்புமா மாதிரி இறக்கி, மேலே கொஞ்சம் சீஸ் துருவிவிட்டால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். நல்ல டிபன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது மக்ரோனி சீஸ் ஆகாது. 1769-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு குறிப்பிலேயே க்ரீம், மாவில் புரட்டிய வெண்ணெய், பார்மசான் சீஸ் இவ்வளவுதான். இன்று க்ரீமுக்குப் பதில் பால். வெண்ணெய், மைதா, பால் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளை சாஸில் சீஸைக் கரைத்து, வெந்த மக்ரோனியைப் புரட்டி எடுக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் பெரியவர்களுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது, சப்பென்று இருக்கும். உடனே மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து கடைசியில் ஒரு ஸ்பூன் கொட்டிக் கிளறுகிறோம். முதல் தவறு அதுதான். பச்சை வாடை அடிக்கும், நிறம் வரும், காரம் வராது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் இறங்கும். அதனால் காரம் முதலில் வெண்ணெயில் ஏற வேண்டும். நாலைந்து மிளகாய் வற்றலைக் கொரகொரப்பாக இடித்து, உருகிய வெண்ணெயில் சின்னத் தீயில் போடுங்கள். வாசனை எழுந்ததும் மைதா உள்ளே போய்விட வேண்டும். கொஞ்சம் அசந்தால் மிளகாய் கறுத்து, சாஸ் முழுக்கக் கசக்கும்.

அளவிலும் ஏமாறுவோம். பால் புரதம் மிளகாயின் காரத்தைப் பிடித்து அடக்கிவிடும். காரம் தாங்காதவர்கள் தயிரையோ மோரையோ தேடுவது இதனால்தான். சீஸிலும் அதே புரதம் செறிவாக இருக்கிறது. குழம்புக்குப் போடுகிற கணக்கில் மிளகாய் போட்டால் இதில் தெரியவே தெரியாது. ஒன்றரை மடங்கு போடலாம், பயம் வேண்டாம்.

மிளகாய் மட்டும் போதாது. மிளகை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை பறந்துவிடும், உறைப்பு மட்டும்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு புதிதாக நுணுக்கித் தூவுங்கள். என் கணக்கில் இந்தப் பண்டத்தைப் பெரியவர்களுக்கானதாக மாற்றுவது கடுகுதான். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் தயிர்ப் பச்சடிக்குக் கடுகு அரைத்து விடுவார்களே, அதே கடுகு. தாளித்தால் அந்த நெடி கிடைக்காது. கடுகு நசுங்கி, தண்ணீர் பட்டால்தான் அது பிறக்கும். சூடு முதலிலேயே பட்டால் பிறக்காமலே போய்விடும். அரை ஸ்பூன் கடுகைப் பொடித்து, பச்சைத் தண்ணீர் இரண்டு ஸ்பூன் விட்டுக் குழைத்து, பத்து நிமிஷம் ஊறவைத்து, கடைசியில் கலக்குங்கள். மூக்கில் சுர்ரென்று ஏறும். சாம்பார்ப்பொடி, கரம் மசாலா இரண்டையும் இந்தப் பக்கமே வர விடாதீர்கள். சீஸின் மணத்தை அவை விழுங்கிவிடும்.

"அக்கா, சாஸ் திரிஞ்சுபோச்சு, எண்ணெய் தனியா மிதக்குது, என்னக்கா பண்றது?" பக்கத்துத் தெருவிலிருந்து இப்படிப் போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "சீஸ் போடும்போது அடுப்பு எரிஞ்சுதா?" எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். சூடு அதிகமானால் சீஸில் உள்ள புரதம் இறுகித் திரண்டு, கொழுப்பை வெளியே தள்ளிவிடும். அடுப்பை அணைத்து, சாஸின் கொதி அடங்கியபின் துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். நன்கு முதிர்ந்த செடார் சீஸ் சீக்கிரம் திரிந்துவிடும். பிராசஸ்டு சீஸ் அவ்வளவு லேசில் திரியாது, அதில் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் உப்புகள் கலந்திருக்கும். அமெரிக்காவில் ஜே.எல். கிராஃப்ட் என்ற சீஸ் வியாபாரி 1916-ல் பிராசஸ்டு சீஸுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிளாக், க்யூப், ஸ்லைஸ் எல்லாம் பெரும்பாலும் அந்த வழி வந்தவைதான். வழவழப்புக்கு அது, ருசிக்குச் செடார். பிராசஸ்டு இரண்டு பங்குக்குச் செடார் ஒரு பங்கு சரியாக இருக்கும். மொசரெல்லா நூல் நூலாக இழுக்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ருசி கொஞ்சம்தான். பனீர் உருகவே உருகாது. துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், சாஸ் நறநறக்கும்.

திரிவதற்கு இன்னொரு காரணம் புளிப்பு. தக்காளியை வெள்ளை சாஸில் நேராகப் போடக்கூடாது, எலுமிச்சையும் பிழியக்கூடாது. பச்சை இஞ்சியும் கூடாது. டீக்குப் பால் காயும்போது இஞ்சியைத் தட்டிப் போட்டுத் திரிந்துபோன அனுபவம் பல வீட்டில் உண்டு. இஞ்சி பூண்டு விழுது பழக்கத்தில் கைக்கு வந்துவிடும், கவனம். பூண்டு வேண்டுமானால் தனியாக நசுக்கி, மிளகாயோடு வெண்ணெயில் வதக்கலாம்.

நாலு பேருக்கு அளவு: மக்ரோனி 250 கிராம், வெண்ணெய் 40 கிராம், மைதா 30 கிராம், பால் 600 மில்லி, சீஸ் 200 கிராம். டிகிரி காபிக்கு வாங்கும் பால்தான் இதற்கும். பாக்கெட் என்றால் ஆரஞ்சு ஆவின். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் ஒரு விஷயம்: அதில் மோர் தங்கியிருக்கும். சலசலப்பு அடங்கும்வரை உருக்கிவிட்டு, அப்புறம்தான் மிளகாயும் மைதாவும். மைதாவை இரண்டு நிமிஷமாவது வறுக்காவிட்டால் பசை வாடை போகாது. வெதுவெதுப்பான பாலை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக விட்டுக் கலக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். தட்டிவிட்டதா, தயிர் மத்தை எடுங்கள், நாலு சுற்றில் சரியாகிவிடும். கரண்டியின் பின்புறத்தில் லேசாகப் படியும் பதம் போதும். நீர்த்த மாதிரி தெரியும், இருக்கட்டும். மக்ரோனி இழுக்கும், ஆறும்போது இறுகும்.

மக்ரோனியை வேகவைப்பதில் சாதம் வடித்த கை சொன்னபடி கேட்காது. குழைய விட்டுவிடுவோம். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பே வடித்துவிடுங்கள், மிச்சம் சாஸில் வேகும். ஒட்டாமலிருக்க எண்ணெய் விடுவதும், பச்சைத் தண்ணீரில் அலசுவதும் வேண்டாத வேலை. எண்ணெய் பட்டால் சாஸ் வழுக்கிப் போகும். அலசினால் சாஸைப் பிடிக்கும் மாவுப்பசை போய்விடும்.

உப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். வேகவைக்கும் தண்ணீரில் உப்பு, பிராசஸ்டு சீஸில் உப்பு, கடை வெண்ணெயில் உப்பு. மேலே தூவ நான் சொல்லப்போகும் மோர் மிளகாயில் உப்போ உப்பு. ஆகவே சாஸுக்கென்று உப்புப் போடவே வேண்டாம். எல்லாம் கலந்தபின் நாக்கில் வைத்துப் பார்த்து, தேவையானால் மட்டும்.

டெல்டாவின் குடமிளகாய் மோர் மிளகாய், குட்டியாக, உருண்டையாக இருக்குமே, அதில் ஐந்தாறை எண்ணெயில் கரும்பழுப்பாகப் பொரித்துக் கையால் நொறுக்குங்கள். பொரியும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி வீடு முழுக்கச் சுற்றும். அதோடு கலக்க ரொட்டித் தூள் வேண்டும். ரஸ்க்கைப் பொடித்தால் இனிப்பு வந்து எல்லாம் கெடும். பேக்கரியில் சால்ட் பிரெட் என்று கேட்டு வாங்கி, தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வாட்டி உதிர்த்துக்கொள்ளுங்கள். ஓவன் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது. அப்படியே மேலே தூவிப் பரிமாறலாம். முன்கூட்டியே தூவினால் நமத்துப்போகும், தட்டில் போட்டபிறகே.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடலாம். கல்லாக இறுகியிருக்கும். தண்ணீர் விட்டுச் சூடு செய்யாதீர்கள், பால் அரை டம்ளர் விட்டு, அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் கிளறுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரத்தில் எண்ணெய் கக்கி, நடுவில் சில்லென்று இருக்கும். காரம் மறுநாள் கொஞ்சம் ஏறியிருக்கும்.